அடுத்த தொற்று வந்தா லோரி ஓடுமா? சுங்க ஒன்றியம் பற்றி ஒரு கேள்வி

கஸ்டம்ஸ் கிராணி | பாடாங் செராய் | சனி, இரவு 8.40

போன ஞாயித்துக்கிழமை நம்ம டவுன் ரொட்டிக் கடையில தொடங்குன வாக்குவாதம், ஒரு வாரமாகியும் மண்டைக்குள்ளயே ஓடுது. அதனால இங்க கொண்டு வந்துட்டேன்.

பேச்சு 2020 மார்ச் 18-ல ஆரம்பிச்சது. கொரோனாவுக்காக மலேசியாவுல நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்குன நாள். அன்னிக்கு யார் எங்க மாட்டிக்கிட்டோம்னு ஆளாளுக்கு ஒரு கதை. பக்கத்து மேசையில இருந்த பெரியவர் கேட்டார்: "ஆசியான் ஆசியான்னு மேடைபோட்டுப் பேசுறாங்களே, அது இருந்தும் ஏம்பா லோரிக்காரன் ரோட்டுல நின்னான்?" நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "ஐயா, ஆசியான் சுங்க ஒன்றியம் இல்லீங்க, தடையில்லா வணிக வட்டாரம்தான்"ன்னுட்டேன். "அப்ப ஒன்றியமா இருந்திருந்தா நின்னிருக்க மாட்டானா?"ன்னார். எனக்குப் பதில் வரல.

நான் 14 வருஷமா ஃபார்வர்டிங் வேலை, எல்லை தாண்டுற சரக்குக்குச் சுங்கக் கடுதாசி முடிச்சுக் குடுக்குறது. புக்கிட் காயு ஹீத்தாம் தாய்லாந்து எல்லைதான் சோறு போடுது. எனக்குத் தெரிஞ்சத மொதல்ல சொல்றேன், தப்பு இருந்தா திருத்துங்க.

சுங்க ஒன்றியம்னா உள்ள இருக்குற நாடுகளுக்கு நடுவுல வரி கிடையாது, வெளிய இருந்து வர்ற சரக்குக்கு எல்லா நாடும் ஒரே வரி போடும். தடையில்லா வணிக வட்டாரத்துல உள்ள வரி குறையும், வெளி வரி அவனவன் இஷ்டம். அதனாலதான் நமக்குப் படிவம் டி. "இந்தச் சரக்கு நெசமாவே தாய்லாந்துல செஞ்சதுதான், வேற எங்கயோ இருந்து சுத்தி வரல"ன்னு ஒரு சான்று. ஒன்றியத்துல வரி கட்டி ஒருதரம் உள்ள வந்துட்டா அந்தச் சான்றுக்கு வேலையே இல்ல. ஆசியான் 1992-லேயே தடையில்லா வணிகத்துக்குக் கையெழுத்துப் போட்டுச்சு. ஒன்றியமா மாறல, மாறுறதும் கஷ்டம். சிங்கப்பூர் ஏறக்குறைய எதுக்குமே இறக்குமதி வரி வாங்கறதில்ல, நாம காருக்கு வாங்குற வரிய எல்லாருக்கும் தெரியும். இந்த ரெண்டும் எப்படி ஒரே வரி போட முடியும்?

என் கேள்வி இது. நோய் வர்ற நேரத்துல லோரிய நிறுத்துறது வரியா? இல்லன்னா ஒன்றியம் நமக்கு எதுக்கு?

——

பதினாறு சக்கரம் | கூலிம் | இரவு 8.58

வரியாவது மண்ணாவது. 22 வருஷம் லோரி ஓட்டுறேன், எந்த எல்லையிலயும் வரிக்காக என்னை நிறுத்துனதில்ல. அதெல்லாம் நீங்க ஆபீஸ்ல முடிச்சிருவீங்க. என்னை நிறுத்துறது என் மூஞ்சிக்காகத்தான்.

அந்த வருஷம் ஒரு சாவடி. எதுன்னு சொல்லமாட்டேன். மூக்குல குச்சி விட்டுத் தாள் வாங்கிக்கிட்டுப் போறேன். இந்தப் பக்கம் குடுத்த தாள அந்தப் பக்கம் வாங்கல. "எங்க குச்சிதான் குச்சி"ங்கிறான். திரும்ப எடுத்தாங்க. முடிவு வர்றவரைக்கும் லோரிக்குள்ளயே ராத்திரி. மறுநாள் மத்தியானம் விட்டாங்க. பின்னால இருந்தது மீன். ஐஸ் உருகித் தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கு, நான் அதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன்.

——

கையுறைக்காரி | பாடாங் செராய் | இரவு 9.05

அண்ணே அந்த நேரம் எங்க லைன் 24 மணி நேரமும் ஓடுச்சு. மொத வாரம் பாதி ஆளோடதான் ஓட்டணும்னாங்க. உலகமே கையுறை கேக்குது, இங்க பாதி ஆளு. அப்புறம் விட்டுக் குடுத்தாங்க. உலகத்துல போடுற கையுறையில மூணுல ரெண்டு நம்ம நாட்டுல செஞ்சதுன்னு சூப்பர்வைசர் தினம் சொல்லுவாரு, என்னமோ எங்க சம்பளத்த ஏத்தப் போற மாதிரி.

சிரிப்பு என்னன்னா, கையுறைக்கு வேண்டிய ரப்பர் பால் தாய்லாந்துல இருந்து டேங்கர்ல வரும். எங்க பாட்டி அறுபது வருஷம் பால் வெட்டுன தோட்டத்துக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு தாய்லாந்துப் பாலுக்குக் காத்துக்கிட்டிருந்தோம்.

——

பழைய மண்டோர் | கூலிம் | இரவு 9.20

அதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை மகளே. ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை, அதாவது பாமாயில் மரம், வைத்தார்கள். இன்று மலேசியா விளைவிக்கும் ரப்பரைவிட இறக்குமதி செய்யும் ரப்பர்தான் அதிகம். எல்லை ஒரு வாரம் அடைபட்டால் உங்கள் தொழிற்சாலை நிற்கும், உலகத்து மருத்துவமனைகளில் கையுறை குறையும். பால் வெட்டும் சயாம்காரனுக்கும் அன்றைய கூலி போகும்.

——

எண்ணெய்க் கடுதாசி | கிள்ளான் துறைமுகம், சொந்த ஊர் பாடாங் செராய் | இரவு 9.47

கிராணி அண்ணே, உங்க கேள்விக்குப் பதில் ஆசியானைப் பாத்தா கிடைக்காது. ஒன்றியம் இருக்குற இடத்தைப் பாக்கணும். நான் செம்பனை எண்ணெய் ஏற்றுமதிக்குக் கடுதாசி தயாரிக்குற வேலை. நம்ம எண்ணெய் கென்யாவுக்கு நிறைய போகுது. அங்க மொம்பாசா துறைமுகத்துல இறங்கி அங்கயிருந்து உகாண்டா, ருவாண்டா வரைக்கும் லோரியில போகும். அதனால 2020-ல எங்களுக்குத் தினமும் அந்தப் பக்கத்துப் புலம்பல் வரும்.

கென்யா, உகாண்டா மாதிரி நாடுகள் சேந்த கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் 2005-லேயே சுங்க ஒன்றியம். 2014-ல ஒரே சுங்கப் பிரதேசம்னு இன்னொரு படி மேல போனாங்க. உகாண்டாவுக்குப் போற சரக்குக்கு மொம்பாசாவுலயே கணக்கு முடிச்சு, உகாண்டா வரித்துறைக்குப் பணம் கட்டி, அப்புறம்தான் லோரி துறைமுகத்தை விட்டு நகரும். உகாண்டா அதிகாரிங்க மொம்பாசாவுலயே உக்காந்திருப்பாங்க. எல்லை அங்கயிருந்து ஏறக்குறைய 900 கிலோமீட்டர். லோரி எல்லைக்கு வர்றப்ப சரக்குக்கு ஒரு வேலையும் பாக்கி இருக்காது. பூட்டுல மின்னணு முத்திரை, எங்க நிக்குது எங்க ஓடுதுன்னு மூணு நாட்டு வரித்துறையும் திரையில பாக்கும். எல்லையில ரெண்டு நாட்டு அதிகாரியும் ஒரே கூரைக்குக் கீழ, ஒரு தரம் நின்னா போதும்.

இவ்வளவு வசதி இருந்தும் 2020 ஏப்ரல், மே-ல கென்யா-உகாண்டா நடுவுல இருக்குற மலாபா எல்லையில லோரி வரிசை பல பத்து கிலோமீட்டர்! ஏன்னா உகாண்டாவுல அப்ப கண்ட தொற்றுல நிறைய பேர் லோரி ஓட்டுனருங்க. எல்லையிலயே குச்சி விட்டு முடிவு வர்றவரைக்கும் நிறுத்துனாங்க. பதினாறு சக்கரம் அண்ணே சொன்ன அதே கதைதான், ஆப்பிரிக்காவுல.

——

பதினாறு சக்கரம் | கூலிம் | இரவு 9.55

பாத்தீங்களா. ஒன்றியமும் நின்னுச்சு. சரக்குக்குக் கல்யாணம் பண்ணி வச்சானுங்க, ஓட்டுறவன வாசல்ல நிறுத்திட்டானுங்க.

——

எண்ணெய்க் கடுதாசி | இரவு 10.12

அவசரப்படாதீங்க அண்ணே, அதோட முடியல.

மொதல்ல ஆளாளுக்கு ஒரு வழி பாத்தாங்க. ருவாண்டா, "உங்க ஓட்டுனர் உள்ள வரவேணாம், எல்லையில எங்க ஓட்டுனர் மாறி ஓட்டுவான்"னுச்சு. ருவாண்டா-தான்சானியா நடுவுல இருக்குற ருசுமோ எல்லையில தான்சானியா ஓட்டுனருங்க சண்டை போட்டாங்க. முதலாளி லோரிய முன்பின் தெரியாதவன் கையில எப்படி விடுறதுன்னு. கென்யா-தான்சானியா எல்லை நமங்காவுல கென்யா சோதிச்சு நோய் இருக்குன்னு சொன்ன ஆளுங்க முடிவ தான்சானியா நம்பல. உகாண்டா அதிபர், வெளிநாட்டு ஓட்டுனருங்கள தன் நாட்டுக் கணக்குலயே சேர்க்காதீங்க, திருப்பி அனுப்புங்கன்னார்.

அப்புறம்தான் ஒன்றியத்துக்கு வேலை வந்துச்சு. ஏற்கனவே சரக்கைத் தொடர்ந்து பாக்குற அமைப்பு இருந்துச்சில்ல, அதோட ஓட்டுனரையும் சேத்தாங்க. கிளம்புற ஊர்லயே சோதனை. முடிவு கைப்பேசியில ஏறும். 14 நாளைக்குச் செல்லும். உறுப்பு நாடுகளுக்குப் பொதுவான ஒரே சான்று. எல்லையில அதிகாரி திரையைப் பாத்துட்டு விட்ருவார். எபோலா மாதிரி நோய்களுக்காக முன்னாலயே ஏற்பாடு பண்ணி வச்ச நடமாடும் ஆய்வுக்கூடங்களையும் உறுப்பு நாடுகளுக்குக் குடுத்தாங்க.

எல்லாம் உடனே சரியாச்சுன்னு சொல்லல. ஆனா ஏற்கனவே ஒரே திரையைப் பாத்துப் பழகுன ஆளுங்க இருந்ததாலதான் அதுல இன்னொரு கட்டம் சேக்க முடிஞ்சுச்சு. நம்ம பக்கம் அந்தத் திரையே இல்ல.

——

வெண்கட்டி | சுங்கை பட்டாணி | இரவு 10.30

பொருளியல் பாடம் எடுக்கும் ஆசிரியை என்ற முறையில் ஒரு கசப்பான எடுத்துக்காட்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் மானோ ஆற்று ஒன்றியம் என்று ஒன்று உண்டு. 1973-ல் லைபீரியாவும் சியரா லியோனும் தொடங்கின. நோக்கமே சுங்க ஒன்றியம். 1980-ல் கினி சேர்ந்தது, 2008-ல் ஐவரி கோஸ்ட்.

2014-ல் எபோலா எந்த மூன்று நாடுகளைக் கவ்வியது? கினி, லைபீரியா, சியரா லியோன். ஒன்றியத்தின் முதல் மூன்று உறுப்பினர்களேதான். ஜூலையில் லைபீரியா எல்லைகளில் பெரும்பாலானவற்றை மூடியது. ஆகஸ்டில் உலகச் சுகாதார நிறுவனம் அவசரநிலை அறிவித்தபோதே, பொதுவான பயணத் தடையோ வணிகத் தடையோ வேண்டாம் என்றது. அதே மாதம் ஐவரி கோஸ்ட், கினிக்கும் லைபீரியாவுக்கும் உள்ள எல்லையை மூடிவிட்டது. எல்லையோர வாரச் சந்தைகள் நின்றன. தலைச்சுமையாக அரிசியும் பனை எண்ணெயும் எல்லைதாண்டிக் கொண்டுபோய் விற்றுப் பிழைத்த பெண்களுக்கு எந்த ஒன்றியமும் வரவில்லை.

ஆகவே பெயர்ப்பலகையில் "சுங்க ஒன்றியம்" என்று எழுதியிருப்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கடுதாசி சொன்ன கிழக்கு ஆப்பிரிக்காவில் அதிகாரிகள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருந்தார்கள். மானோ ஆற்றில் அது பெரும்பாலும் காகிதத்தில் இருந்தது.

——

பாலத்துக்கு அந்தப் பக்கம் | ஊட்லண்ட்ஸ் | இரவு 10.41

ஐரோப்பாவ விட்டுட்டீங்களே. 1968-லிருந்து சுங்க ஒன்றியம், காசும் சட்டமும் உள்ள ஒன்றியம். அங்க என்ன நடந்துச்சு? 2020 மார்ச் தொடக்கத்துல ஜெர்மனியும் பிரான்சும் முகக்கவசம் நாட்ட விட்டு வெளிய போகக்கூடாதுன்னுச்சு. பக்கத்துல இத்தாலி செத்துக்கிட்டிருக்கு. போலந்து எல்லையில லோரி வரிசை ஜெர்மனிக்குள்ள பல பத்து கிலோமீட்டர்.

வீட்டுக்குள்ள சோறு பத்தலன்னா அண்ணன் தம்பியே தட்ட மறைப்பான். இதுல ஒன்றியமாம்.

——

கஸ்டம்ஸ் கிராணி | இரவு 11.02

தம்பி, தட்ட மறைச்சது நெசம். எத்தனை நாள் மறைச்சாங்கன்னும் பாரு. மார்ச் 15-ல ஐரோப்பிய ஆணையம், மருத்துவக் காப்புப் பொருள் ஒன்றியத்த விட்டு வெளிய போகணும்னா அனுமதி வாங்கணும்னு ஒரே சட்டம் போட்டுச்சு. வெளிக்கதவ எல்லாருமாச் சேந்து மூடுனதும் உள்கதவத் திறக்க முடிஞ்சுச்சு. என் வீட்டு முகக்கவசம் பக்கத்து வீட்டு வழியா வெளிய போயிருமோங்கிற பயம்தானே உள்கதவ மூட வைக்குது? வெளி வரி ஒண்ணா இருக்குற இடத்துலதான் இந்த வித்தை நடக்கும். நம்ம வட்டாரத்துல நாட்டுக்கு ஒரு வெளிக்கதவு, நாட்டுக்கு ஒரு பூட்டு.

மார்ச் 23-ல பச்சைத் தடம். குறிப்பிட்ட எல்லைகள்ல எந்தச் சரக்கு லோரியா இருந்தாலும் சோதனையெல்லாம் சேத்து 15 நிமிஷத்துக்குள்ள விடணும்னு வழிகாட்டுதல். மார்ச் 18-ல வரிசை, 23-ல வழிகாட்டுதல். அஞ்சு நாள்! எங்க ஆபீஸ்ல ஒரு கடிதத்துக்குப் பதில் வர அதவிட அதிகமாகும்.

ஒண்ணு ஒத்துக்கறேன். அது வழிகாட்டுதல்தான், கட்டளை இல்ல. சுங்கச் சட்டம் ஆணையத்தோட கையில, சுகாதாரமும் எல்லைக் காவலும் அந்தந்த நாட்டுக் கையில.

——

வெண்கட்டி | இரவு 11.10

அதுதான் சங்கதி, கிராணி. லோரியை நிறுத்துகிறவர் சுங்க அதிகாரி அல்லர். சுகாதார அதிகாரி, குடிநுழைவு அதிகாரி, போலீஸ். சுங்க ஒன்றியத்தின் ஒப்பந்தத்தில் இந்த மூவருக்கும் நாற்காலியே கிடையாது.

உலகச் சுகாதார விதிமுறைகள், 2005-ல் திருத்தி எழுதியவை, இதைக் கொஞ்சம் தொடுகின்றன. தன் விருப்பப்படி ஒரு நாடு சரக்கையோ வாகனத்தையோ ஆளையோ தடுத்தாலோ 24 மணி நேரத்துக்கு மேல் தாமதப்படுத்தினாலோ, 48 மணி நேரத்துக்குள் உலகச் சுகாதார நிறுவனத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால்? ஒன்றும் ஆகாது. அபராதமும் இல்லை. என் வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாத பையனுக்குக்கூட இதைவிடக் கடுமையான விசாரணை உண்டு.

——

சந்தைக் கூடை | பாடாங் செராய் பசார் | ஞாயிறு, காலை 6.15

ராத்திரியெல்லாம் உலகம் சுத்திட்டீங்க. நான் விடியக்காலம் காய் இறக்கிட்டு இப்பதான் படிக்கிறேன்.

எல்லைய விடுங்க. 2020 மார்ச்சுல கேமரன் மலையில காய்கறிய டன் கணக்குல கொட்டுனாங்க. கேமரன் மலை எந்த நாட்டுல இருக்கு? நடுவுல எந்த எல்லை? வாங்குற சந்தை மூடிக்கிடந்துச்சு, லோரிக்கு வழி இல்ல. இங்க என் கடையில கோஸு இல்ல, அங்க கோஸு மண்ணுல. ஒரே நாடு, ஒரே வரி, ஒரே போலீஸு. அப்பவே முடியலயே.

——

எண்ணெய்க் கடுதாசி | காலை 7.30

அக்கா சொன்னதுக்கு எங்கிட்டப் பதில் இல்ல. சபாவுல அதே மாசம் சில மாவட்டத்துல செம்பனைத் தோட்டத்தையே மூடச் சொன்னாங்க. பழம் மரத்துல அழுகும், ஆலை காயும். மத்திய அரசு ஒண்ணு சொல்லும், மாநிலம் ஒண்ணு சொல்லும்.

——

பழைய மண்டோர் | காலை 8.05

எல்லோரும் லோரி ஓடவேண்டும் என்றே பேசுகிறீர்கள். ஓடக்கூடாத லோரியைப் பற்றி நான் சொல்கிறேன்.

1998, 99. அப்போது நான் நெகிரி செம்பிலானில் ஒரு தோட்டத்தில் மண்டோர், அதாவது ஆட்களை மேற்பார்க்கும் கங்காணி. பேராவில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் காய்ச்சல் தொடங்கியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவுக்குப் புகை அடித்தார்கள். நோய் அதுவல்ல. பன்றிகளை லோரியில் ஏற்றித் தெற்கே விற்றார்கள், நோயும் கூடவே வந்து எங்கள் மாநிலத்துப் புக்கிட் பெலாண்டோக்கில் இறங்கியது. சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரைத்தான் அந்தக் கிருமிக்கு வைத்தார்கள். நம் நாட்டில் 105 பேர் இறந்தார்கள். பண்ணைகளில் வேலை செய்த நம் ஆட்களும் அதில் உண்டு. சிங்கப்பூர் இறைச்சிக்கூடத்தில் 11 பேருக்குத் தொற்றியது, ஒருவர் இறந்தார். 1999 மார்ச்சில் சிங்கப்பூர் நம் பன்றிகளை நிறுத்தியது. பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். துப்பாக்கிச் சத்தம் எங்கள் லயத்து வீடுகள் வரை கேட்டது.

அன்று சிங்கப்பூர் செய்தது தவறா? இல்லை. நாம்தான் இன்னும் முன்னதாக, ஈப்போவிலேயே, அந்த லோரிகளை நிறுத்தியிருக்க வேண்டும். ஒன்றியம் என்று ஒன்று இருந்து, "வணிகம் தடைபடக் கூடாது" என்று அது பன்றி லோரிக்கும் பச்சைத் தடம் போட்டிருந்தால்?

——

பாலத்துக்கு அந்தப் பக்கம் | காலை 8.22

ஐயா, இப்படி ஒரு பதிவுக்காகத்தான் நான் இந்த இழையைப் படிக்கிறேன்.

——

கஸ்டம்ஸ் கிராணி | காலை 9.10

மண்டோர் ஐயா, ராத்திரி நான் எழுதுனதுல ஒரு பாதி இப்ப ஆடிப்போச்சு.

யோசிச்சுப் பாத்தா சரக்கு மூணு மாதிரி. நோயே சரக்குக்குள்ள இருக்குறது ஒண்ணு, உங்க பன்றி மாதிரி. அத நிறுத்தித்தான் ஆகணும், சீக்கிரமா. சரக்குல ஒண்ணுமில்ல, ஓட்டுறவன்கிட்ட இருக்கலாம்ங்கிறது இன்னொண்ணு, 2020-ல நடந்தது. மூணாவது, சரக்குலயும் இல்ல ஆள்கிட்டயும் இல்ல, பக்கத்து நாட்டுக்குப் பயம் மட்டும் இருக்கு. முகக்கவசம், அரிசி, மாத்திரைய வெளிய விடாம வச்சுக்கிறது. 2020 ஏப்ரல்ல உலக வணிக அமைப்பு எண்ணிப் பாத்தப்ப 80 நாடுகளும் சுங்கப் பிரதேசங்களும் இப்படி ஏற்றுமதிக்குத் தடை போட்டிருந்துச்சு.

மொத வகைக்கு வேண்டியது கால்நடை மருத்துவர். ரெண்டாவதுக்கு ஒரே சான்று, கடுதாசி தம்பி சொன்ன மாதிரி. ஒன்றியம்ங்கிற முழு ஏற்பாடு நெசமாத் தேவைப்படுறது மூணாவதுக்குத்தான்னு இப்ப தோணுது.

——

சந்தைக் கூடை | காலை 10.40

அரிசின்னதும் ஞாபகம் வருது. அந்த மார்ச்சுல வியட்நாம் அரிசிய வெளிய விடமாட்டேன்னுச்சு. கெடாவுல உக்காந்துக்கிட்டு, சுத்தி வயலா இருக்கு, இங்கயும் சனங்க பத்து பத்து கிலோவா வாங்கி அடுக்குனாங்க. ஏப்ரல்ல அளவு வச்சுக் குடுத்தான், மே மாசம் தடைய எடுத்துட்டான். அந்த ஒரு மாசம் மொத்த வியாபாரி எங்கிட்டப் பேசுன பேச்சு இருக்கே!

——

வெண்கட்டி | காலை 11.05

அரிசிக்கு ஆசியானிடம் ஒன்று இருக்கிறது. சீனா, ஜப்பான், கொரியாவையும் சேர்த்துக்கொண்டு நெருக்கடி அரிசி இருப்பு. 2012-ல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. 7,87,000 டன் ஒதுக்குவதாக வாக்கு. அதில் ஆசியான் பங்கு 87,000 டன் மட்டுமே, மீதி அந்த மூன்று நாடுகளுடையது. இவ்வளவு அரிசி விளையும் வட்டாரம் தன் பங்காகச் சொன்ன அளவைப் பாருங்கள்.

2020-லும் சும்மா இருக்கவில்லை. ஏப்ரல் 14-ல் சிறப்பு மாநாடு, ஜூனில் ஹனோய் செயல்திட்டம், நவம்பரில் அத்தியாவசியப் பொருள்களுக்குத் தேவையற்ற தடை போடுவதில்லை என்று புரிந்துணர்வுக் குறிப்பு. மார்ச்சில் மூடிய கதவுக்கு நவம்பரில் குறிப்பு. ஐரோப்பாவின் அஞ்சு நாளை அருகில் வைத்துப் பாருங்கள்.

——

பாலத்துக்கு அந்தப் பக்கம் | நண்பகல் 12.15

டீச்சர், ஒன்றியம் இல்லாமலும் வேகமாச் செஞ்சவங்க இருக்காங்க. 2020 ஏப்ரல் நடுவுல சிங்கப்பூரும் நியூசிலாந்தும் ரெண்டே பேரா, மருந்து உணவு மாதிரி சாமானுக்கு வரியும் போடமாட்டோம், ஏற்றுமதியையும் தடுக்கமாட்டோம்னு அறிவிச்சாங்க. நடுவுல எவ்வளவு கடல்!

ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் நடுவுல இருக்குற நம்ம பாலத்தையே எடுங்க. கட்டுப்பாட்டு ஆணை வர்ற முந்தின ராத்திரி ஜொகூர்ல இருந்து மூட்டை முடிச்சோட இங்க ஓடி வந்தவன் நான். ஆளுக்குப் பாலம் மூடிக்கிடந்துச்சு, அம்மாவ ஒரு வருஷத்துக்கு மேல பாக்கல. ஆனா கோழி லோரியும் காய்கறி லோரியும் நிக்கல. 2021 ஜனவரியில சிங்கப்பூர் லோரி ஓட்டுனருங்களுக்கு வந்து இறங்குனதும் சோதனைன்னு கொண்டு வந்தாங்க, அப்பவும் ஓடுச்சு. ரெண்டு அரசாங்கத்துக்கும் ஒருத்தர் இல்லாம ஒருத்தர் இல்லன்னு தெரியும், அவ்வளவுதான்.

அப்புறம் 2022 ஜூன் 1. நோயும் இல்ல ஒண்ணும் இல்ல, தீவன விலை ஏறிப்போச்சு, உள்நாட்டுல கோழி பத்தலன்னு மலேசியா மாசம் 36 லட்சம் கோழிய நிறுத்திருச்சு. கோழிச்சோத்துக் கடையில வரிசை கட்டி நின்னோம். அக்டோபர்லதான் மறுபடி விட்டாங்க. அப்ப "ஏன் நிறுத்துன, எப்ப விடுவ"ன்னு கேக்க ஒரு பொது இடம் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும். அதுக்குப் பேரு ஒன்றியமோ வேற எதுவோ.

——

கையுறைக்காரி | மதியம் 1.30

எனக்கு ஒரு சந்தேகம். ஒரே சான்று ஒரே சான்றுன்னு சொல்றீங்க. அந்தச் சோதனைக்குக் காசு யாரு கட்டுறது? ஓட்டுறவரா, முதலாளியா? எங்க லைன்ல வேல பாத்த நேப்பாளத் தம்பிங்களுக்கு குச்சி விடுற காசு யாரு தர்றதுன்னே ஒரு மாசம் இழுத்துச்சு.

——

பதினாறு சக்கரம் | மதியம் 1.42

தங்கச்சி, இத்தனை பேர் பேசுனதுல நீங்கதான் கேள்வி கேட்டிருக்கீங்க. என் மீன் லோரிக் கதையில ரெண்டாவது குச்சிக்குக் காசு என் பையில இருந்து. முதலாளி அப்புறம் தர்றேன்னார். இன்னும் அப்புறம்தான்.

——

எண்ணெய்க் கடுதாசி | மதியம் 2.20

கிழக்கு ஆப்பிரிக்காவுலயும் அந்தச் சண்டை நடந்துச்சு. சில நாடு ஓட்டுனருங்ககிட்டக் காசு கேட்டாங்க. பொதுவான சான்றுன்னு எழுதுறவங்க, யார் காசுன்னும் அதே தாள்ல எழுதணும். தெற்கு ஆப்பிரிக்காவுல இருக்குறது உலகத்துலேயே பழைய சுங்க ஒன்றியம், 1910-ல தொடங்குனது. அங்க வசூலாகுற சுங்கப் பணத்த ஒரே பானையில போட்டு அஞ்சு நாடும் பிரிச்சுக்கும். லெசோத்தோ, எஸ்வாத்தினி மாதிரி சின்ன நாடுகளுக்கு அரசாங்கமே அந்தப் பானைய நம்பித்தான். அப்படி ஒரு பானை இருந்தா அதுல ஒரு கரண்டி எடுத்து ஓட்டுனருக்குச் சோதனை பண்ணலாம். நம்மகிட்டப் பானையே இல்ல.

——

நெறியாளர் | மதியம் 3.00

இழை அருமையாகப் போகிறது. நடுவில் செம்பனை விலை, இனக் கட்சிகள் பற்றி வந்த 11 பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். கோபிக்க வேண்டாம்.

——

கஸ்டம்ஸ் கிராணி | மாலை 5.35

ரொட்டிக் கடைப் பெரியவரை மறுபடி பாத்தா என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன். "ஒன்றியம் இருந்திருந்தாலும் லோரி நின்னிருக்கும் ஐயா. சீக்கிரம் கிளம்பியிருக்கும்." இதுக்கு மேல எங்கிட்ட இல்ல.

ஆனா நம்மகிட்ட ஒண்ணுமே இல்லன்னு சொன்னா என் தொழிலுக்கே துரோகம். படிவம் டி முன்னால தாள்ல வரும். கையெழுத்து, முத்திரை, கூரியர். 2018 ஜனவரியில மலேசியா, தாய்லாந்து, சிங்கப்பூர், இந்தோனேசியா, வியட்நாம் அஞ்சும் அத மின்னணுவுல அனுப்ப ஆரம்பிச்சுது. 2019 முடியுறதுக்குள்ள ஆசியான்ல அப்ப இருந்த பத்து நாடும் சேந்துருச்சு. அதாவது கட்டுப்பாட்டு ஆணை வர்றதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னால. யாரும் கிருமிய நெனச்சுச் செய்யல. ஆனா 2020 ஏப்ரல்ல கூரியர் நின்னப்ப நான் வீட்டு மேசையில உக்காந்து வேலை பாத்தேன்னா அதனாலதான். அதே வருஷம் நவம்பர் 30-ல ஆசியான் சுங்கக் கடப்பு முறை தொடங்குனாங்க. மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் ஆறு நாட்டுக்கும் ஒரே அறிவிப்பு, ஒரே உத்தரவாதம், எல்லையில லோரி மாத்த வேணாம்.

ஓட்டுனரோட உடம்புக்கு மட்டும் அந்தத் திரையில இடம் இல்ல. ஒரு கட்டம் சேத்தா போதும். சேக்க வேண்டியது சுங்கத்துறை இல்ல, ஆறு நாட்டுச் சுகாதார அமைச்சுங்க. அவங்கள ஒரே மேசையில உக்கார வைக்கிறது நோய் இல்லாத இந்தக் காலத்துல நடக்குமான்னு தெரியல. நோய் வந்த பிறகு எவனும் உக்கார மாட்டான்.

——

பழைய மண்டோர் | மாலை 6.10

அந்தத் திரையில் கால்நடை மருத்துவருக்கும் ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள். "இந்த லோரியை விடாதே" என்று அவர் ஒரு பொத்தானை அமுக்கினால் ஆறு நாட்டிலும் அது நிற்க வேண்டும்.

——

வெண்கட்டி | மாலை 6.25

ஐயா சொன்னதை நாளை வகுப்பில் கேள்வியாகவே கொடுக்கப் போகிறேன். உங்கள் பெயர் போடலாமா?

——

பழைய மண்டோர் | மாலை 6.31

வேண்டாம் அம்மா. மண்டோர் என்று போடுங்கள், போதும்.

——

பதினாறு சக்கரம் | இரவு 8.50

நான் படுக்கப் போறேன். விடியக்காலம் நாலு மணிக்கு புக்கிட் காயு ஹீத்தாம்ல இருக்கணும். கிராணி, எல்லைக்கு அந்தப் பக்கம் தாய்லாந்துச் சடாவுல இருந்து வர்ற அந்த மரவள்ளி மாவுக்குப் படிவம் வந்துருச்சா? போன வாரம் மாதிரி கேட்டுல நிக்க வைக்காதீங்க.

——

கஸ்டம்ஸ் கிராணி | இரவு 8.53

வந்துருச்சுண்ணே. சீல் நம்பர் மட்டும் ஒருதரம் போட்டோ எடுத்து அனுப்பிருங்க.